ஒரு சொட்டும் வேண்டாம்

மகளைத் தொடுவதற்கு முன்னால் கன்னையா கடிகாரத்தைப் பார்த்தான். மனைவி நல்லம்மாள் இதைப் பிற்பாடு வெகுநாள் சொல்லிக் காட்டினாள். பெற்ற பிள்ளை பாயில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது, இந்த மனுஷன் சட்டைப்பைக்குள் கையை விட்டு மணி பார்க்கிறார் என்று. சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது. ஆனாலும் அவள் சொல்லாமல் விட்டதில்லை.

மணி இரண்டு பதினொன்று.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டின் சிக்னல் கேபினில் அவனுக்கு அது பதினோராவது வருடம். வண்டி வந்தால் நேரம், போனால் நேரம், எஞ்சின் தடம் மாறினால் நேரம். எதையும் எழுதிவிட்டுத்தான் கம்பியை இழுக்க வேண்டும். முன்னூறு பேர் ஏறிய வண்டி அவன் சொல்கிற நிமிஷத்தை நம்பித்தான் நகர்கிறது. அதனால் எந்தக் காரியத்திலும் அவன் கை முதலில் கடிகாரத்துக்குப் போகும். பெட்டாலிங் தெரு அடகுக்கடையில் வாங்கிய பழைய பாக்கெட் கடிகாரம். நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்தும். எவ்வளவு பிந்தும் என்று தெரிந்திருப்பதால் அதில் அவனுக்குக் குறையில்லை.

அன்று காலை ஷிப்டு முடித்து இரண்டு மணிக்கு அடுத்த ஆளிடம் கேபினை ஒப்படைத்தான். தண்டவாளத்தை ஒட்டிய குறுக்குப் பாதையில் நடந்து, ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகளில் நான்காவதான தன் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றினான். முன்னறைப் பாயில் ரமணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றே முக்கால் வயது. முந்தின இரவிலிருந்து காய்ச்சல். அவன் குனிந்து பார்த்த அந்தக் கணத்தில்தான் குழந்தையின் கண்கள் திறந்தன. கருவிழி மேலே ஏறிச் செருகிக்கொண்டது. தாடை இறுகியது. பிறகு கைகளும் கால்களும் ஒரே தாளத்தில் வெட்டத் தொடங்கின.

கடிகாரத்தைப் பாய் ஓரத்தில் திறந்தபடி வைத்துவிட்டு மண்டியிட்டான். குழந்தையின் தலைமாட்டில் இருந்த பித்தளைச் செம்பையும் மரமுக்காலியையும் தள்ளி வைத்தான். அவளை மெதுவாகப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தான். கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். கன்னத்துக்கும் தரைக்கும் நடுவில் தன் வலது உள்ளங்கையைக் கொடுத்தான். வாயோரத்தில் திரண்ட நுரை விரல் இடுக்கு வழியே பாயில் வழிந்தது.

அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. செய்ய வேண்டியதெல்லாம் முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரம் முழுக்க சும்மா இருக்க வேண்டும். பெற்றவனால் ஆகாத காரியம் அது ஒன்றுதான். கன்னையா அதற்காக மூன்று வருடம் தன்னைத் தயார் செய்திருந்தான். கேபினில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கிற மௌனத்தில், ஒருவரிடமும் சொல்லாமல், இதே பாயையும் இதே உள்ளங்கையையும் எத்தனையோ முறை மனத்துக்குள் போட்டுப் பார்த்திருந்தான். 

அடுப்படியிலிருந்து வந்த நல்லம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"மாந்தம்," என்றாள். குரல் மிக அடங்கியிருந்தது. "ஏங்க, அதே மாந்தம். மூத்தவனுக்கு வந்த அதே இழுப்பு."

"காய்ச்சல் தலைக்கேறினதால வந்த வலிப்பு. தானா நிக்கும். நீ வந்து உக்காரு."

அவள் உட்காரவில்லை. வந்த வேகத்திலேயே உள்ளே திரும்பினாள். எதற்கென்று அவனுக்குத் தெரியும். அடுப்பு ஓரத்தில் மூடி வைத்த சிறு மண்சட்டியில் மாந்தக் கசாயம் இருக்கும். வசம்பு, ஓமம், நொச்சி. ரமணிக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும், மூக்கு ஒழுகினாலும், அது அங்கே தயாராக இருக்கும். பால் ஊட்டுகிற சங்கு அதன் மூடிமேல் கவிழ்ந்திருக்கும்.

மூத்தவன் உயிரோடு இருந்தது ஒரு வருடமும் இரண்டு மாதமும். ராதாகிருஷ்ணன் என்று பெயர். அவனுக்கு இழுப்பு வந்த அன்று கசாயம் தயாராக இல்லை. வசம்பு வாங்க ஆள் ஓடியது. ஈர விறகு பிடிக்கவில்லை. கொதித்து ஆறுவதற்குள் வெகு நேரமாகிவிட்டது. கடைசியில் நல்லம்மாள் பிள்ளையைக் கால்மேல் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துச் சங்கால் ஊற்றினாள். இழுப்பு நின்றது. ஆனால் அன்று மாலையே இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு கரகரத்தது. மூன்றாம் நாள் விடியற்காலை அவன் இல்லை. மாந்தம் நெஞ்சில் இறங்கிவிட்டது, மருந்து பிந்திப் போனதுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லம்மாளும் அதையே நம்பினாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் மருந்து பிந்தியதில்லை.

பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். நல்லம்மாள் திரும்பி வருவதற்குள் வீரம்மா உள்ளே நுழைந்துவிட்டாள். எஞ்சின் டிரைவர் ஒருவரின் மனைவி. ஐந்து பெற்று ஐந்தையும் வளர்த்தவள் என்பதால் இந்த வரிசையில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கையில் இரும்புச் சாவி.

"எந்திரி தம்பி. இத அவ கையில குடு. இரும்பு பட்டா இழுப்பு எறங்கிரும்."

"பாய் மேல வைங்கக்கா. கைக்குள்ள திணிக்க வேணாம்."

"வச்சா மட்டும் போதுமா? பிடிக்க வேணாம்?"

"பக்கத்துல இருந்தாலும் இரும்பு இரும்புதானே."

வீரம்மா அவனை ஒருமாதிரி பார்த்தாள். வாதம் செய்ய நேரமில்லை என்று நினைத்தாளோ என்னவோ, சாவியைப் பாயில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். விரலி மஞ்சளைத் தேடுகிற சத்தம் கேட்டது.

மணி இரண்டு பன்னிரண்டரை.

நல்லம்மாள் சங்கோடு வந்து மண்டியிட்டாள். கசாயத்தின் காரமான வாசனை அறையை நிறைத்தது.

"திருப்பிப் போடுங்க. மூக்கப் புடிங்க."

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"வாயில ஒண்ணும் ஊத்தாத. ஒரு சொட்டும் வேணாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். விளங்காத பாஷையில் யாரோ பேசியதுபோல. பிறகு அவனை விட்டுவிட்டுக் குழந்தையின் தோளைப் பிடித்துத் தானே புரட்டப் போனாள். கன்னையா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவன் அவளை அப்படிப் பிடித்ததில்லை. சங்கு சாய்ந்து கசாயம் பாயில் ஓடியது.

"விடுங்க. அன்னிக்கும் இப்பிடித்தான் லேட்டாச்சு. விடுங்க."

"நல்லம்மா. நான் சொல்றதக் கேளு. இப்ப அவளுக்கு முழுங்கத் தெரியாது."

"மூத்தவனுக்கு ஊத்துனப்ப முழுங்கினானே."

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. மூன்று வருடமாக இருந்தது.

மூத்தவன் போன பிறகுதான் ரயில்வேக்காரர்களுக்கு முதலுதவி வகுப்பு நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பண்டசாலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில். நடத்தியவர் டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிற டிரெசர் ஜெயராஜ். எலும்பு முறிவு, ரத்தப்போக்கு, கொதிநீர்க் காயம் எல்லாம் முடிந்து, ஒரு வாரம் குழந்தைகளின் வலிப்புக்கு வந்தார். ஒரு துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி மேஜைமேல் கிடத்தினார். "டிரெசரய்யா, டவலு ஆம்பளையா பொம்பளையா?" என்று பின்வரிசையிலிருந்து தடம் மாற்றுகிற பாயிண்ட்ஸ்மேன் பக்கிரிசாமி கேட்டான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஜெயராஜும் சிரித்துவிட்டு, துண்டை ஒருக்களித்துப் போட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். வலிப்பில் இருக்கிற பிள்ளையின் வாயில் ஊற்றுவது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழலுக்குப் போகும், இரண்டு மூன்று நாளில் நெஞ்சு கட்டும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கன்னையா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து அவன் ஒன்றும் சொல்லவில்லை. மருந்து பிந்தியது என்பது ஒரு துக்கம். மருந்தே கொன்றது, அதை ஊற்றியது உன் கை என்பது வேறு. அதை எப்படிச் சொல்வது? அவன் பேசத் தெரியாதவன் இல்லை. பேசாமல் இருப்பது அவனுக்குச் சுலபம், அவ்வளவுதான்.

இப்போதும் சொல்லவில்லை. மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

கிள்ளான் வண்டி கடந்து போனது. பலகைச் சுவர் அதிர்ந்தது. அடுக்கில் இருந்த தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. வண்டி இரண்டு நிமிஷம் பிந்திப் போகிறது என்று அவன் மனம் தன்பாட்டில் குறித்துக்கொண்டது. உள்ளங்கைமேல் குழந்தையின் கன்னம் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

மணி இரண்டு பதினான்கு.

வீரம்மா அடுப்பிலிருந்து வந்தாள். விரலி மஞ்சளின் நுனி நெருப்பில் சிவந்திருந்தது.

"தள்ளிக்க. நெத்தியில ஒரு சூடு, தொப்புளுக்கு மேல ஒரு சூடு. எம் மூணாவதுக்குப் போட்ட மாதிரி."

"அக்கா, அத அடுப்புலயே போட்டுட்டு வாங்க."

"சாவி வேணாம், மருந்து வேணாம், சூடு வேணாம். பாயிண்ட்டு மாத்துற ஆளுக்கு எப்பலா டாக்டர் சட்டை குடுத்தாங்க?"

"ஒங்க மூணாவதுக்குச் சூடு போட்டதும் நின்னிச்சா?"

"போட்டுக் கொஞ்ச நேரத்துல நின்னிச்சு."

"போடலேன்னாலும் அந்தக் கொஞ்ச நேரத்துல நின்னிருக்கும். தழும்பு ஒண்ணுதான் மிச்சம். அஞ்சு நிமிஷம் பாப்பேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் தூக்கிக்கிட்டு ஓடுவேன். இப்ப மூணு ஆச்சு."

அவன் குரலை உயர்த்தவில்லை. வண்டி வரும்போது தண்டவாளத்தில் நிற்கிற கூலிகளை விலகச் சொல்கிற குரல் அது. வீரம்மாவுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. மஞ்சள் நுனி அவள் கையிலேயே கறுத்துக்கொண்டிருந்தது.

 நல்லம்மாள் கையை இழுப்பதை நிறுத்தியிருந்தாள். அவனோடு சேர்ந்து அவளும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் மூச்சும் கடிகாரத்தின் சத்தமும் மட்டும் கேட்டன. அப்படி ஒரு மௌனத்தை அந்த வீடு அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது.

வெட்டுகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு இல்லை. குழந்தையின் உடம்பு துணி மாதிரி தளர்ந்தது. ஒரு நீண்ட மூச்சு உள்ளே போனது. நீலம் பாரித்திருந்த உதட்டில் மெல்ல நிறம் வந்தது. சற்று நேரம் கழித்து ரமணி முனகி, முகத்தைச் சுளித்து, அழத் தொடங்கினாள்.

மணி இரண்டு பதினைந்து ஆகப் பத்து விநாடி இருந்தது.

அப்போதுதான் கன்னையா நல்லம்மாளின் மணிக்கட்டை விட்டான். கடிகாரத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"தண்ணி குடுக்கட்டா?" என்றாள் நல்லம்மாள்.

"இன்னும் இல்ல. நல்லா முழிச்சு, ஒன்னப் பாத்து அம்மான்னு சொல்லட்டும். அப்புறம் குடு. இப்ப டிஸ்பென்சரிக்குப் போவோம்."

வீரம்மா சாவியைக் குனிந்து எடுத்தாள். "பாத்தியா, இரும்பு பக்கத்துல இருந்ததுக்கே எறங்கிருச்சு," என்றாள். கன்னையா மறுக்கவில்லை.

டிஸ்பென்சரி யார்டுக்கு அந்தப் பக்கம், நடந்தால் ஏழு நிமிஷம். வழியிலேயே ரமணி நன்றாக விழித்து, அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஜெயராஜ் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழலைக் குழந்தையின் அக்குளில் வைத்தபடி கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம் இழுத்துச்சு? வந்தவுடனே நின்னிச்சுன்னு சொல்லாதீங்க, ரொம்ப நேரம்னும் சொல்லாதீங்க. இங்க வர்ற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

"ரெண்டு பதினொண்ணுக்கு ஆரம்பம். ரெண்டு பதினஞ்சுக்குப் பத்து விநாடி முன்னால நின்னிச்சு. ரெண்டு கை ரெண்டு காலும் சேந்து. ஒரு பக்கம் மட்டும் இல்ல. நின்ன பிறகு கொஞ்ச நேரத்துல அழுதா."

ஜெயராஜ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "கன்னையாதானே? கேபின் கன்னையா? நம்ம கிளாசுல இருந்தீங்கள்ல?"

"ஆமாங்கய்யா."

"இருபத்தி ரெண்டு பேருக்குச் சொன்னேன். ஒருத்தனுக்காவது ஏறியிருக்கே." அவர் குழந்தையின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தம் தடவினார். "சமீபத்துல வெளியூர் எங்கேயாவது போனீங்களா?"

"மேரு ரப்பர் தோட்டத்துல எந்தங்கச்சி வீடு," என்றாள் நல்லம்மாள். "போயிட்டு வந்து பன்னெண்டு நாளாச்சு. அங்க கொசு சாஸ்தி."

"அப்ப மலேரியாவா இருக்கும். பாத்துருவோம். டாக்டர் நாலு மணிக்கு வருவார்." கண்ணாடித் துண்டை ஓரமாக வைத்துவிட்டு, அவளைப் பாராட்டுகிற நினைப்பில், அவர் நிதானமாகச் சொன்னார். "ஏம்மா, நீங்க கசாயம் கிசாயம்னு ஒண்ணும் ஊத்தாம விட்டீங்க பாருங்க, அதுதான் இந்தப் புள்ளய காப்பாத்தியிருக்கு. வலிப்பு அதுவா வந்து அதுவா நின்னிரும். அந்த நேரத்துல மூக்கப் புடிச்சு ஊத்துனா நேரா நெஞ்சுக்குள்ளதான் போகும். அன்னிக்குச் சாயங்காலமே இருமல் ஆரம்பிக்கும். மூணு நாள் தாங்காது. நான் எத்தனையோ பாத்துட்டேன்."

நல்லம்மாள் எழுந்தாள். குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வராந்தா பெஞ்சுக்குப் போனாள். கன்னையா பின்னாலேயே போய் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று அடித்தது. யார்டில் சரக்குப் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியும் முட்டும் சத்தம் வரிசையாக ஓடி வந்து ஓய்ந்தது. ரமணி தூங்கிப்போனாள். பெஞ்சின் அந்தக் கோடியில் இரண்டு சீனர்கள் வந்து உட்கார்ந்து, மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் பேசவில்லை. அவன் எத்தனையோ மௌனங்களில் இருந்தவன். ஆனால் மற்றவர் மௌனத்துக்குள் தான் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஒங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

இன்றைக்குத்தான் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அந்த வார்த்தை அவன் நாக்கு வரை வந்தது.

"கிளாசுக்குப் போனதுலேர்ந்து. மூணு வருஷம்."

"மூணு வருஷம்." அவள் அழவில்லை. முகத்தைத் திருப்பவுமில்லை. "ஊத்துனது நான். எங் கை."

"நாந்தான் கால இறுக்கிப் புடிச்சேன். வசம்பு வாங்க ஓடச் சொன்னதும் நாந்தான். ரெண்டு பேருக்கும் தெரியாது."

"அன்னிக்குத் தெரியாது. அது போவட்டும். தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

"தாங்குறதும் தாங்காததும் எம் பாடு." தூங்குகிற குழந்தைக்காகக் குரலைத் தாழ்த்தியே பேசினாள். "லேட்டா ஊத்துனதாலதான் அவன் போனான்னு நெனச்சு, இவ பொறந்ததுலேர்ந்து அடுப்புல கசாயத்த வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். தெனம் பாத்தீங்க. அந்தச் சட்டியத் தாண்டித்தான் கை கழுவப் போனீங்க. ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்கு ஒங்களுக்கு மாத்து ஆளு வர அஞ்சு நிமிஷம் பிந்தியிருந்தா?"

 ஒருக்களிப்பது, பொத்தான், உள்ளங்கை, கடிகாரம் எல்லாவற்றையும் அவன் ஒத்திகை பார்த்திருந்தான். அந்த ஒத்திகைகளில் எல்லாம் அவன் வீட்டில் இருந்தான். ஒரு நாளில் பத்து மணி நேரம் கேபினில் இருப்பவன், தான் வீட்டில் இல்லாத நேரத்தை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று மறைத்தது, மகளைக் கொல்லக் காத்திருந்திருக்கிறது.

"தப்பு," என்றான். "எந்தப்புதான்."

அவள் வெகு நேரம் தண்டவாளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை மடியில் சரியாகக் கிடத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் அவள் அழுதிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

"சரி, சொல்லுங்க. நான் மட்டும் வீட்டுல இருக்கேன். இவளுக்கு வந்துருச்சு. மொதல்ல என்ன செய்யணும்?"

"மணி பாக்கணும்."

"எனக்குத்தான் பாக்கத் தெரியாதே."

அவன் எழுந்து அவளைச் சுவர்க் கடிகாரம் தெரிகிற பக்கம் உட்கார வைத்தான். பெரிய முள்ளைக் காட்டினான். அது ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போனால் ஐந்து நிமிஷம். அதற்குள் நிற்காவிட்டால், அல்லது நின்று விழிக்காமலே மறுபடியும் வந்தால், ஒரு கணமும் காத்திராமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நின்றுவிட்டாலும் அன்றைக்கே கொண்டுவந்து காட்ட வேண்டும். அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு, "நாலுலேர்ந்து அஞ்சுக்குப் போயிருச்சு. இவ்வளவு நேரமா?" என்றாள். "ஆமா. சும்மா இருக்கிறப்ப இவ்வளவு நேரம்," என்றான்.

பிறகு அவள் கேட்டாள், அவன் சொன்னான். வகுப்பில் இருபத்திரண்டு ஆண்கள் கேட்காத கேள்வியெல்லாம் அவள் கேட்டாள். பல்லைக் கடித்து நாக்கை வெட்டிக்கொண்டால்? கரண்டி வைக்கக் கூடாதா? கூடாது, பல் உடைந்து தொண்டைக்குள் போகும், நாக்குக் காயம் தானே ஆறும். கை காலை அமுக்கிப் பிடித்தால் வெட்டு குறையாதா? குறையாது, எலும்புக்குத்தான் ஆபத்து. வாந்தி எடுத்தால்? அதற்குத்தான் ஒருக்களித்துப் போடுவது, வருவது வெளியே போய்விடும். கம்பளி போர்த்தலாமா? வேண்டாம், காய்ச்சல் உடம்பில் துணி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அப்படியானால் தாய் என்னதான் செய்வது?

"பக்கத்துல இருக்கணும். கன்னத்துக்குக் கீழ கை குடுக்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா," என்று அவள் திரும்பச் சொன்னாள். எல்லாவற்றையும் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லிக் காட்டினாள். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். மலேரியாதான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே நான்கு நாள் வைத்திருந்து மலேரியாவுக்கான கொயினா மருந்து கொடுத்தார்கள். இழுப்பு மறுபடியும் வரவில்லை. ஐந்தாம் நாள் ரமணி தாதியின் வெள்ளைத் தொப்பியைப் பிடுங்கியதும், கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, ஷிப்டுக்குக் கிளம்பிய கன்னையா குழாயடியைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. வரிசையில் பாதிப்பேர் குடத்தோடு நின்றார்கள். நடுவில் வீரம்மா.

"சாவிதான் காப்பாத்திச்சு. இவ புருஷன் கடியாரத்த வச்சுக்கிட்டுச் சாமியாராட்டம் உக்காந்திருந்தாரு. நான் மட்டும் போகலேன்னா அந்தப் புள்ள…"

"அக்கா," என்றாள் நல்லம்மாள். குடத்தைக் கீழே வைத்தாள். "சாவி ஒண்ணும் செய்யல. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேளுங்க. என் மூத்தவன் மாந்தத்துல போகல. இழுப்பு நேரத்துல நான் மூக்கப் புடிச்சுக் கசாயம் ஊத்துனேன். அது நெஞ்சுக்குள்ள போயிருச்சு. அதுலதான் போனான்."

குழாய் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னையா நின்றான். அவள் பக்கத்தில் போய் நிற்கவேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும், யார் துணையும் தேவைப்படாத முகம் என்று தெரிந்தது. அவன் இருந்த இடத்திலேயே நின்றான்.

"தெரியாமத்தான் ஊத்துனேன்," என்றாள் அவள். "இந்த வரிசையில நான் ஊத்துன மாதிரி ஊத்தாத வீடு இல்ல. இனிமே யாரும் ஊத்தாதீங்க. எந்த வீட்டுல எந்த நேரத்துல இழுப்பு வந்தாலும் என்னக் கூப்பிடுங்க. நான் வர்றதுக்குள்ள புள்ளைய ஒருக்களிச்சுப் போட்டு வைங்க."

வீரம்மா தன் குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசைக் கடைசியில் நின்ற இராஜம்மா, கைப்பிள்ளைக்காரி, இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் வீரம்மாதான் கேட்டாள். குரலில் பழைய அதிகாரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"ஒருக்களிச்சுன்னா, எந்தக் கைப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தாலும் சரிக்கா," என்றாள் நல்லம்மாள். "வாய் தரையப் பாக்கணும். குடத்த அங்குட்டு வைங்க, காட்டுறேன்."